பர்கண்டியின் வைன் சபைகள்: ஊர் வைனுக்கு இவர்களால் உண்மையில் நன்மை உண்டா? (விவாத இழை)

தேர்வடம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர். பதினோரு வருஷமாக பிரான்சில், பர்கண்டிப் பகுதியில், டிஜோனுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். ஜனவரி கடைசியில் நடந்த, திராட்சை விவசாயிகளின் பாதுகாவலரான புனித வின்சென்ட் திருவிழாவில் எங்கள் ஊர்ச் சுரூபத்தைத் தூக்க என்னையும் கூப்பிட்டார்கள். விடிகாலை, இன்னும் இருட்டு, மூச்சு விட்டால் புகை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான மரச் சுரூபம். கையில் திராட்சைக் குலை, காலடியில் காகித ரோஜா. நாலு பேர் தோளில் பலகை. முன்னாலும் பின்னாலும் மற்ற ஊர்களின் சுரூபங்கள், கொடிகள். ஊர் முழுக்கக் காகிதப் பூ, ஒவ்வொரு இதழிலும் உறைபனி. வில்லியனூர் மாதா தேர்ப்பவனியில் சின்ன வயதில் வடம் பிடித்த கை எனக்கு. தோளில் பாரம் ஏறியதும் கண் கலங்கிவிட்டது.

ஊர்வலம் முடிந்து பூசையும் ஆனபின், சிவப்பும் பொன்னிறமும் கலந்த அங்கி போட்டவர்கள் எழுந்து, ஊரின் மூத்த திராட்சை விவசாயிகளைக் கூப்பிட்டுத் தோளில் திராட்சைக் கொடியின் கட்டையால் தொட்டு, தங்கள் சபையில் சேர்த்தார்கள். அந்த அங்கிக்காரர்கள்தான் 'தாத்வேன் வீரர்கள் சபை'. தாத்வேன் என்பது வைனை ருசி பார்க்கும் ஆழமில்லாத வெள்ளிக் கிண்ணம். நாடா கட்டி அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள்.

இந்தச் சபை பழங்காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறந்தது 1934 நவம்பர் 16, நுயி-சேன்-ஜோர்ஜ் ஊரில் ஒரு நிலவறையில். ஜோர்ஜ் ஃபெவ்லே, கமீய் ரோதியே என்ற இருவர் தொடங்கினார்கள். அப்போது உலகமே பொருளாதார மந்தத்தில். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிலவறைகளில் பீப்பாய் பீப்பாயாக நல்ல வைன், வாங்க ஆள் இல்லை. 'நம் வைனை யாரும் வாங்கவில்லையா, சரி, நண்பர்களைக் கூப்பிட்டு நம்மோடு உட்கார்ந்து குடிக்கச் சொல்வோம்' என்று முடிவு செய்தார்கள். சபையின் வேர் அதுதான். விளம்பரம் கொடுக்கவில்லை, விலையைக் குறைக்கவில்லை, இலை போட்டார்கள். வந்தவர் ஊருக்குப் போய்ச் சொன்னார், அடுத்தவர் வந்தார். பத்தே வருஷத்தில், 1944இல், க்ளோ த வூஜோ கோட்டை சபையின் ஆட்கள் கைக்கு வந்தது. சித்தோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் வைன் பிழியக் கட்டிய இடம் அது. பிரம்மாண்டமான ஓக் மரச் செக்குகள் நாலு இன்றும் அங்கே நிற்கின்றன. அந்தப் பழைய வைன் கிடங்கில்தான் இப்போதும் விருந்து நடக்கிறது, ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம்.

அங்கி போட்ட பணக்காரர் கூட்டம் என்று இவர்களைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சீசாமூடி எழுதியது:

தேர்வடம் அண்ணா, நீங்க சுரூபம் தூக்கினதைப் படிச்சு எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்துச்சு. ஆனா நான் மறுபக்கம்தான் பேசுவேன்.

பாரிஸ்ல பதினாலு வருஷமா உணவகத்துல வைன் பரிமாறுற வேலை. அந்தச் சபைகளோட சின்னத்தைக் கோட்டுல குத்திக்கிட்டு வர்றவங்களை வாரம் ஒருத்தராவது பாக்குறேன். அவங்களுக்கு வைன் தெரியும், மரியாதையாவும் நடந்துக்குவாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். என் கேள்வி வேற. 1934ல விக்காத வைனுக்காகப் பிறந்த சபை இது. இன்னைக்கு பர்கண்டியோட பெரிய தோட்டத்து வைன் எல்லாம் பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாடியே பேசி முடிஞ்சிருது. எங்க உணவகத்துக்கே சில தோட்டத்துல இருந்து வருஷத்துக்கு ஆறு பாட்டில்தான் தர்றாங்க. இதுக்கு மேல எதுக்குப் பரப்பணும்? விலை ஏற ஏற நிலத்தோட விலையும் ஏறுது, அப்பா செத்தா பிள்ளைங்களால வரி கட்டி நிலத்தைக் காப்பாத்த முடியல, வெளியில இருந்து பணக்காரங்க வந்து வாங்குறாங்க. சபை வளர்த்த புகழே சின்ன விவசாயியை விழுங்குதுன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு. பர்கண்டியில மெர்சோ ஊர்ல 'போலே'ன்னு ஒரு விருந்து. அறுவடை முடிஞ்சதும் தோட்டக்காரர் கூலியாட்களோட உட்கார்ந்து சாப்பிடுற பழைய வழக்கம் அது. 1923ல ஜூல் லாஃபோன்னு ஒருத்தர் அதைத் திரும்ப உயிர்ப்பிச்சார். இன்னைக்கு அந்த மேசையில கூலியாள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க? 2023 அறுவடையில ஷாம்பேன் பக்கம் வெயில் தாங்காம தொழிலாளிங்க செத்துப் போனாங்க. அங்கிகளைப் பத்திப் பேசுற இடத்துல அவங்களைப் பத்தியும் பேசணும்.

---

முந்திரி_கோவை எழுதியது:

உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன், அதனால் ஒரு அடிப்படைக் கேள்வி. ஊர்ப் பெயரைக் காப்பாற்ற அரசு தரும் சட்டப் பாதுகாப்பு பிரான்சில் இருக்கிறதே. எந்த நிலம், எந்தத் திராட்சை, ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதையெல்லாம் அதுவே சொல்லிவிடும்போது, சபைக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது?

---

கரோன்_கரை எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் போர்தோவில் இருக்கிறேன், அதனால் எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

சேன்தெமிலியோன் ஊரின் சபைக்கு 'ஜூராத்' என்று பெயர். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி இங்கிலாந்து அரசரின் ஆட்சியில் இருந்தது. 1199இல் ஜான் அரசர் சாசனம் எழுதி, ஊரை ஆளும் உரிமையை ஊர்ப் பெரியவர்களிடமே கொடுத்தார். வரி, வழக்கு, காவல், கூடவே வைன். அறுவடை எந்த நாளில் தொடங்கலாம் என்று அவர்கள் அறிவிக்கும் வரை யாரும் கொடியில் கத்தி வைக்கக் கூடாது. காய் பழுக்கும் முன் பறித்துப் புளித்த வைன் விற்றால் கெடுவது ஒருவன் பெயரல்ல, ஊர் பெயர். பீப்பாய்க்கு ஊர் முத்திரை போடும் சூட்டுக்கோல் அவர்கள் வசம்தான் இருந்தது. தகுதியில்லாத வைனை அழிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. இன்று அரசு அலுவலகம் செய்கிற வேலையை அன்று சபை செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுப் புரட்சியில் அந்த அதிகாரம் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948இல், ஊர்க்காரர்கள் சபையை மறுபடி எழுப்பினார்கள். ஆனால் அதிகாரம் திரும்பவில்லை. அதைச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது செப்டம்பரில் சிவப்பு அங்கியோடு அரச கோபுரத்தின் உச்சியில் ஏறி அறுவடையை அறிவிக்கிறார்கள். கீழே தெருவெல்லாம் கூட்டம் நிற்கும். அந்த அறிவிப்புக்கு இன்று சட்ட பலம் கிடையாது.

பின்னே என்ன மிச்சம்? சட்டம் ஒரு வைனுக்குப் பெயர் வைக்கும், அந்தப் பெயரை ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்ய அதனால் முடியாது. அந்தக் கோபுரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றவருக்கு ஊரின் பெயர் மறக்காது. வெளிநாட்டு வியாபாரி, பத்திரிகையாளர், தூதர் என்று சபை தேடித் தேடி ஆட்களைக் கூப்பிட்டு அங்கத்தினராக்குவதும் இதற்காகத்தான். ஒருமுறை உறுதிமொழி எடுத்துவிட்டால் அவர் அந்த ஊரின் ஆள்.

சீசாமூடி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் பக்கம் பெரிய தோட்டங்களின் பெயர்தான் எப்போதும் முன்னால் நிற்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

---

தேர்வடம் எழுதியது:

சீசாமூடி தங்கச்சி, நீங்கள் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். நிலம் கைமாறுவது உண்மை. நான் வேலை செய்யும் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கும் துண்டு மூன்று வருஷத்துக்கு முன் கைமாறியது. புது முதலாளியை இன்னும் நான் நேரில் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று கேளுங்கள். தாத்வேன் சபை வருவதற்கு ரொம்ப முன்பே ஊர் ஊருக்குப் புனித வின்சென்ட் சங்கங்கள் இருந்தன. அவை பரஸ்பர உதவிச் சங்கங்கள். உறுப்பினர் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் போய் அவர் தோட்ட வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம். சுரூபம் கோவிலில் இருக்காது. ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டில் தங்கும், அடுத்த ஜனவரியில் அடுத்த வீட்டுக்குப் போகும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன், பிப்ரவரியில், எங்கள் தெருவில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார். கவாத்து முடியவில்லை. கொடி துளிர்க்கும் முன் வெட்டாவிட்டால் அந்த வருஷ விளைச்சலே குலைந்துவிடும். சனிக்கிழமை காலை பதினோரு பேர் கத்தரிக்கோலோடு வந்தோம். பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில் சக்கரம் பூட்டி, அதில் வெட்டிய குச்சிகளைப் போட்டு எரித்தபடி வரிசை வரிசையாக நகர்ந்தோம். ஒவ்வொரு கொடியிலும் ஒரு நீளக் கிளை, அடுத்த வருஷத்துக்கு இரண்டு கண் விட்ட ஒரு குட்டைக் கிளை, மற்றதெல்லாம் தீக்கு. அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எந்தக் கொடியில் கை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வரிசையில் நான் ஒரு நல்ல கிளையை வெட்டப் போக, ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அவர் சொன்ன கிளையைத்தான் விட்டேன்.

தாத்வேன் சபை இதை உண்டாக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1938இல் அது ஒரு காரியம் செய்தது. தனித்தனியாகத் தேய்ந்துகொண்டிருந்த அந்த ஊர்ச் சங்கங்களைச் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு ஊர் என்று விழாவைச் சுற்றி வரச் செய்தது. முதல் ஊர் ஷம்போல்-மியூசினி. போர்க்காலம், கொரோனா போன்ற இடைவெளிகளை விட்டால் இன்று வரை சுற்றுகிறது. இதில் பெரிய ஊர்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 2019இல் வெஸ்லே. பேராலயக் குன்றுக்கு யாத்திரை போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான், ஆனால் அங்கே வெள்ளை வைன் விளைகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஊர்ப் பெயரை வைன் சீட்டில் தனியாகப் போட அனுமதி கிடைத்ததே 2017இல்தான். 2023இல் கூஷே, மர்சனே வைன் விளையும் ஊர். பேர்பெற்ற ஜெவ்ரேக்கு வடக்கே, அதன் நிழலில் கிடக்கும் இடம். அந்த இரண்டு நாளில் ஆயிரக்கணக்கானவர் கழுத்தில் கண்ணாடிக் கோப்பையைத் தொங்கவிட்டு ஊர் நிலவறைகளில் இறங்கி ஏறினார்கள். 'பாட்டில் கிடைக்காத' வைனுக்காக வந்த கூட்டமில்லை அது.

---

ஏரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சுவிஸில, வெவேக்குப் பக்கத்தில இருக்கிறன். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். கூலியாளைப் பற்றிச் சீசாமூடி அக்கா எழுதினதைப் பாத்திட்டு எழுதாம இருக்க ஏலாமப் போச்சுது.

இஞ்ச வெவேயில 'திராட்சைத் தோட்டக்காரர் சபை' எண்டு ஒண்டு இருக்கு. அதின்ர கைப்புத்தகம் 1647இல இருந்து கிடைக்குது. பர்கண்டிச் சபை வைனைக் கொண்டாடுது, போர்தோச் சபை ஊரைக் கொண்டாடுது. இது தொழிலாளியைக் கொண்டாடுற சபை. அவையின்ர வாசகம் 'செபி, உழை' எண்டதுதான்.

இஞ்ச பக்கத்தில இருக்கிற லவோ மலைச்சரிவைக் கண்டாக்களுக்குத் தெரியும். ஜெனீவா ஏரிக்கு மேல படி படியாக் கல்லு மதில், எல்லாத்தையும் நீட்டி வைச்சா 400 கிலோமீற்றருக்கு மேல வரும். அந்தப் படிகளில உள்ள கொடிகள் பலதை நிலத்தின்ர சொந்தக்காரர் பராமரிக்கிறேல்ல. ஒப்பந்தத்துக்கு வேலை செய்யிற 'தாஷ்ரோன்' எண்ட ஆக்கள்தான் செய்யினம். சபையின்ர நிபுணர்கள் வருஷத்தில சில தடவை தோட்டத்துக்குள்ள இறங்கி, கவாத்து எப்பிடி, இலை எடுத்தது எப்பிடி, களை இருக்கோ, மண் எப்பிடி எண்டு பாத்துப் புள்ளி போடுவினம். வைனை ருசி பாத்து இல்ல, வேலையைப் பாத்து! மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா கூட்டிப் பாத்துப் பதக்கம் குடுப்பினம்.

பிறகு ஒரு தலைமுறைக்கு ஒருக்கா பெருவிழா. 1797இல முதல் தடவை மேடை போட்டுச் சிறந்த தொழிலாளிக்கு முடிசூட்டினவை. பிரான்சில அரசரின்ர தலை உருண்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்த காலம் அது, ஒரு கூலிக்காரருக்குக் கிரீடம்! கடைசியா 2019இல நடந்தது. அதுக்கு முன்னம் 1999, 1977, 1955. 2019இல சந்தைச் சதுக்கத்தில 20,000 பேர் இருக்கக்கூடிய அரங்கு கட்டி, ஊர்ச்சனம் ஆயிரக்கணக்கில வேஷம் போட்டு ஆடிச்சினம், பாடிச்சினம். நான் மேல்படியில இருந்து பாத்தனான். கிரீடம் வைச்ச நேரம் எனக்குப் பக்கத்தில இருந்த கிழவர் எழும்பித் தொப்பியைக் கழட்டினார். அவரின்ர விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தது, கத்தரிக்கோல் பிடிச்ச கை. நான் ஒண்டும் கேக்கேல்ல, அவரும் ஒண்டும் சொல்லேல்ல.

அந்த விழா பெரிய நட்டத்தில முடிஞ்சது எண்டதையும் சொல்லவேணும். அதால சபை கஷ்டப்பட்டது. ஆனா லவோவின்ர ஷாஸ்லா எண்ட வெள்ளைத் திராட்சை வைன் சுவிஸுக்கு வெளியால கனக்கப் போறேல்ல, இஞ்சயே குடிச்சு முடியுது. அதைக் குடிக்கிற சனத்துக்கு அந்த மதிலுகளில ஆர் வேலை செய்யினம் எண்டு தெரியுது. என்ர பார்வையில ஊர் வைனைப் பரப்புறது எண்டா இதுதான்.

---

சீசாமூடி எழுதியது:

ஏரிக்கரை, உங்க பதிவை ராத்திரி வேலை முடிஞ்சு ரயில்ல படிச்சேன், ரெண்டு தடவை. வேலைக்குப் புள்ளி போட்டு முடிசூட்டுற சபைன்னு ஒண்ணு இருக்குறது எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. வெவே வைன் எங்க பட்டியல்லயே கிடையாது. கேட்டுப் பாக்கப் போறேன்.

தேர்வடம் அண்ணா, ஊர்ச் சங்கத்துக்கு என் முழு மரியாதை. தாத்வேன் சபையைப் பத்தி இன்னும் ஒரு சந்தேகம் இருக்கு. பாட்டில்ல அவங்க ஒட்டுற சீட்டு, எண் போட்டது, அது காசு கொடுத்து வாங்குறதா? வாடிக்கையாளர் கேட்டா என்ன சொல்றது?

---

தேர்வடம் எழுதியது:

காசு கொடுத்தால் மட்டும் கிடைக்காது. அதற்கு 'தாத்வினாஜ்' என்று பெயர், 1950இலிருந்து நடக்கிறது. பர்கண்டிக்காரர் யாரும் தங்கள் வைனை அனுப்பலாம். க்ளோ த வூஜோவில் சீட்டை மறைத்துவிட்டுப் பரிமாறுவார்கள். மேசையில் விவசாயி, வியாபாரி, பரிசோதனைக்கூடத்துக்காரர், வாடிக்கையாளர் எல்லோரும் கலந்து உட்கார்வார்கள். புள்ளிக் கணக்கை எல்லாம் தாண்டி அவர்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: 'இந்த வைன் உங்கள் வீட்டு நிலவறையில் இருந்தால், அதை நண்பருக்கு ஊற்றிக் கொடுக்கப் பெருமைப்படுவீர்களா?' ஆம் என்று தேறினால்தான் சீட்டு. பெரிய தோட்டக்காரருக்கு இது தேவையில்லை, அவர் பெயரே போதும். பெயர் தெரியாதவருக்குத்தான் இது கைகொடுக்கிறது. உங்கள் வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்லலாம்.

---

கரோன்_கரை எழுதியது:

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், முந்திரி தம்பிக்கும் பயன்படும். பிரான்சில் 1991இல் எவேன் சட்டம் வந்தது. தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் மது விளம்பரம் கூடாது. மற்ற இடங்களிலும் கடும் கட்டுப்பாடு. பொதுச் சுகாதாரத்துக்காக வந்த சட்டம், அது தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளூர் மதுபானங்களுக்கான பாரம்பரிய விழாக்களுக்கும் சந்தைகளுக்கும் அதே சட்டம் இடம் விட்டிருக்கிறது. பெரிய நிறுவனம் வேறு வழி தேடிக்கொள்ளும். நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஊர்த் திருவிழாதான் வாசல். சபைகள் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த விருந்துகளில் சாப்பாடு இல்லாமல் யாரும் குடித்ததில்லை. ஆறு வகைப் பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வைன், இடையில் பாட்டு. நாலைந்து மணி நேரம் ஓடும்.

---

முந்திரி_கோவை எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. சட்டமும் சபையும் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதாக நினைத்திருந்தேன். சூட்டுக்கோல் அரசிடம் போனது, சாப்பாட்டு மேசை சபையிடம் நின்றது, இப்படிப் புரிந்துகொள்ளலாமா?

---

தேர்வடம் எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. மேசை சபையிடம், கத்தரிக்கோல் ஊர்ச் சங்கத்திடம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை எழுதியதை எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரிடம் பிரெஞ்சில் சொன்னேன். தோட்டத்துக்குள் வந்து வேலைக்குப் புள்ளி போடுகிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அதில் சொந்தக்காரனுக்குப் பதக்கமா, வெட்டினவனுக்கா?' என்று கேட்டார். வெட்டினவனுக்கு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அடுத்த கூட்டத்தில் இதை எடுக்க வேண்டும், நீயே வந்து பேசு என்றார். சொந்தமாக ஒரு கொடி இல்லாதவன் நான். அந்தக் கூட்டத்தில் இதுவரை வாய் திறந்ததில்லை. ஏரிக்கரை, நிபுணர்கள் எதை எதைப் பார்க்கிறார்கள், எந்த எந்த மாதம் வருகிறார்கள் என்று விவரமாக எழுதி அனுப்ப முடியுமா? வெறும் கையோடு போக விருப்பமில்லை.

சீசாமூடி, நீங்கள் ஒருமுறை இங்கே வர வேண்டும். விழா நாளில் வேண்டாம், கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. டிசம்பரில் வாருங்கள். செவ்வாய்தோறும் இரவு ஊர் மண்டபத்தில் காகிதப் பூ செய்கிறோம். அடுத்த முறை விழா எடுக்கும் ஊருக்கு நாங்களும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம், ஆயிரக்கணக்கில் வேண்டும். என் மனைவி ரோஜா இதழை விரல் நுனியில் சுருட்டுவதில் கெட்டிக்காரி, சொல்லித் தருவாள். இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்.